துவைக்காத கையுறை

அந்த வீட்டுக் கதவைத் திறந்தால் முதலில் வந்து வரவேற்பது நாற்றம்தான். மனிதர்களெல்லாம் அதற்கு அப்புறம். கிளப் கொடுத்த நாலாவது மாடி வீடு. சன்னல்கள் ஒரு சாணுக்கு மேல் திறக்காது. திறந்தாலும் வெளியே எந்நேரமும் நசநசவென்று தூறல். கூடத்தில் சோபாவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கால்பந்தில் கோல் காக்கிற கோலியின் கையுறைகள். வியர்வையும் சேறும் எச்சிலும் ஊறி, பைக்குள்ளேயே கிடந்து புளித்து, அந்த வீச்சம் முடிச்சை மீறிக்கொண்டு வீடு முழுக்க உலாவியது. எச்சில் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பந்து வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொள்வது கோல் காக்கிறவர்களின் வழக்கம். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்கூட அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றால் துப்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

கோலியின் மனைவிக்கு வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தால் ஓங்கரித்துக்கொண்டு வந்தது. துவைத்து மடித்த துண்டை முகத்தில் வைத்தாலும் அதே வீச்சம். கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவள் சும்மா திரும்பிப் பார்த்தால்கூட, நம்மேலும் அடிக்கிறதோ என்று கூசிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்வாள். ஆனால் அந்தப் பையைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது. வீட்டில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவர் கணவனின் அண்ணன்.

பெரியவர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். தம்பிக்கு வெளிநாட்டு கிளப்பில் இடம் கிடைத்ததும், "அவனுக்கு உலகம் தெரியாது, நான் கூடப் போயே ஆகணும்" என்று பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றவர். கேட்டால் மேனேஜர் என்பார். என்ன மேனேஜ் செய்தார் என்பது அவருக்கே வெளிச்சம். ஒப்பந்தம் பேசியவர் வேறு ஆள். அதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றுகூட பெரியவரை யாரும் கேட்கவில்லை. அவருடைய அலுவலகம் சோபா. அங்கே உட்கார்ந்து கால் நகம் வெட்டுவார். வெட்டிய நகத்தைக் காப்பி குடித்த கோப்பையிலேயே போடுவார். கோப்பையைக் கழுவுகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? பல்லைக் குத்தி, குத்திய குச்சியை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைப்பார். பேச்சில் மட்டும் எப்போதும் "நாம". நாம பந்தைத் தடுத்தோம், நாம எகிறிக் குதிச்சோம், நமக்குத் தோள்பட்டை வலிக்குது. தோள்பட்டை தம்பியுடையது. தைலம் தேய்த்துவிட்டது அவள்.

சொந்த நாட்டில் கோலிக்குச் "சுவர்" என்று பட்டப்பெயர். அவனைத் தாண்டிப் பந்து போகாது என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பெயர் போய்விட்டது. முன்னால் நின்று தடுக்க வேண்டியவர்கள் பராக்குப் பார்த்தார்கள், பந்து பின்னால் வலைக்குள் போனது, பழி மட்டும் வலைக்குப் பக்கத்தில் நின்றவன் தலையில் விழுந்தது. ரசிகர்கள் தங்கள் மொழியில் அவனைச் "சல்லடை" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வெறும் பேச்சோடு விட்டார்களா? சமையலறையிலிருந்து நிஜச் சல்லடைகளை எடுத்துவந்து, மைதானத்தில் தூக்கி ஆட்டினார்கள். கோலியின் ஐந்து வயது மகள் பள்ளிக்கூடத்தில் புதிய மொழியில் கற்றுக்கொண்ட முதல் பத்து வார்த்தைகளில் சல்லடையும் ஒன்று. "அம்மா, அப்பாவுக்கு அது நல்ல பேரா?" என்று அது கேட்டபோது, அவளுக்கு அந்த ஊர்மேலேயே காறி உமிழ வேண்டும்போல் இருந்தது.

கோலியின் கிளப் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. அந்த வருட ஆட்டங்கள் முடியும்போதும் அங்கேயே கிடந்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் கோலிக்கு மறுவருடம் இங்கேயும் இடமில்லை, தோற்றவன் என்ற பெயரோடு திரும்பினால் அங்கேயும் மரியாதை இல்லை.

இந்த லட்சணத்தில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடுப்புகளையெல்லாம் கிளப்பிலேயே துவைத்துவிடுவார்கள். கையுறை மட்டும் கோலியின் சொந்தப் பொருள். அதைக் கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் துவைத்து வந்தாள். எப்படித் துவைப்பது என்று சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். புது மாப்பிள்ளையாக, குளியலறைத் தொட்டியருகே அவளைப் பக்கத்தில் நிறுத்தி, ஏதோ பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி செய்து காட்டினான். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, பிழியவே கூடாது, அமுக்கித்தான் தண்ணீரை எடுக்க வேண்டும், நிழலில் காய வேண்டும். "அழுக்கு ஏறுன ரப்பர் வழுக்கும். சுத்தமா இருந்தாத்தான் பந்து ஒட்டும்" என்று அப்போது அவன் சொன்னது அவளுக்கு அப்படியே மனப்பாடம். ஆனால் காய்ச்சலில் கிடந்த அந்த வாரம் கையுறை பைக்குள்ளேயே கிடந்துவிட்டது. அவனும் அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டு போனான். அன்றைக்கென்று பார்த்து ஒரு பெனால்ட்டியைப் பிடித்துவிட்டான். கிளப் ஜெயித்தது.

"என்ன மாத்தினோம்? என்ன மாத்தினோம்?" என்று பெரியவர் அன்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு நின்று, பையைச் சுட்டிக் காட்டினார். "துவைக்கல. அதான். ராசி உள்ளயே தங்கிடுச்சு."

"மாமா, எனக்குக் காய்ச்சல். அதனால துவைக்கல" என்றாள் அவள்.

"அந்தக் காய்ச்சல் ஏன் வந்ததுங்கிறேன்? நம்ம நல்லதுக்குத்தான்!"

அடுத்த ஆட்டம் சமனில் முடிந்தது. அதற்கடுத்ததில் மறுபடி வெற்றி. அவ்வளவுதான், கையுறைக்குச் சட்டதிட்டங்கள் வந்துவிட்டன. தண்ணீர் படக்கூடாது. வெயில் படக்கூடாது. பயிற்சிக்கு வேறு ஜோடி. இது ஆட்டத்துக்கு மட்டும். கிளப்பில் வைத்தால் கண்டவன் கை படும், அதனால் வீட்டிலேயே, பெரியவரின் கண் பார்வையில். கோலி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வருடமெல்லாம் பெயர் கெட்டுக் கிடந்தவனுக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது போலும். நாட்டு அணிக்காக நான்கு நாடுகளில் ஆடிய மனிதன், ஓர் அழுக்குப் பையின் முன்னால் கைகட்டி நின்றான். அவளுக்கு நாற்றத்தைவிட அதுதான் அதிகமாகக் குமட்டியது.

இதற்கு நடுவில் ஒரு நாள் பயிற்சியில் பந்து எசகுபிசகாகப் பட்டு, அவனுடைய வலது கை மோதிர விரலில் நகம் பாதி பெயர்ந்துவிட்டது. கிளப் டாக்டரிடம் காட்டினால் ஓய்வெடு என்பாள். ஓய்வெடுத்தால் மாற்றுக் கோலி உள்ளே வருவான். இருபது வயசுப் பையன், எப்போது அழைப்பு வரும் என்று பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருப்பவன். "அவன் ஒரு தடவ உள்ள வந்தான்னா அப்புறம் நாம வெளியதான்" என்று பெரியவர் சொல்லிவிட்டு, விரலைச் சுற்றித் தானே டேப் ஒட்டினார். மேல் டேப் அழுக்கானால் அதன்மேல் இன்னொரு சுற்று. அவளிடம் இருவரும் சொன்னது, "சின்னச் சிராய்ப்பு." அந்தக் கையோடுதான் அவன் அந்தக் கையுறைக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தான்.

நாற்றம் நாளுக்கு நாள் ஏறியது. அவள் எதையெல்லாமோ செய்து பார்த்தாள். பெரியவர் அசந்த நேரத்தில் பைமேல் இன்னொரு பை கட்டினாள். ஊதுபத்தி ஏற்றினாள், ஊதுபத்தியும் நாற்றமும் கைகோத்துக்கொண்டு வந்து இன்னும் மோசமாக்கின. மைதானத்தில் வீரர்களின் குடும்பங்கள் உட்காரும் அறையில், பக்கத்து நாற்காலிக்காரி குளிர்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வேறு இடம் போனாள். அறையில் குளிரே இல்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள் காலை அது நடந்தது. ஜெயித்தால் கிளப் தப்பிக்கும், தோற்றால் இறங்கும். மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கோலி மகளைக் கொஞ்சி, ஒரு துண்டு பழத்தை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். குழந்தை முகத்தைப் பின்னுக்கு இழுத்தது. அவன் சிரித்துக்கொண்டே மறுபடி நீட்டினான். குழந்தை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது.

"வேணாம்ப்பா. உன் கையால வேணாம்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனான். பெரியவர் அந்தத் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "பிள்ளைய ரொம்பச் செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்க" என்றார் அவளிடம்.

பெற்ற பிள்ளை அப்பன் கையால் வாங்கிச் சாப்பிட மறுக்கிறது. இதற்கு மேல் என்ன சட்டம், என்ன ராசி? அண்ணனும் தம்பியும் கிளப்புக்குக் கிளம்பிப் போனதும், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, அவள் அந்தப் பையின் முடிச்சை அவிழ்த்தாள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கையுறைகளைத் தொட்டியில் போட்டாள். முதல் தண்ணீர் சாக்கடை நிறத்தில் போனது. இரண்டாவது பழுப்பு. விரல் பொந்துகளைத் தலைகீழாகப் புரட்டியபோது வலது கையின் ஒரு பொந்துக்குள் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. சேறு என்று நினைத்து, ஓங்கரிப்பை அடக்கிக்கொண்டு தேய்த்துவிட்டாள். குழந்தையின் ஷாம்புவை ஊற்றினாள். தண்ணீர் தெளிகிறவரை அலசினாள். பிழியவில்லை, அமுக்கித்தான் எடுத்தாள். மணிக்கட்டுப் பட்டை அறுந்தபோது அவளே சிவப்பு நூலால் தைத்திருந்தாள். அந்த நூல் பளிச்சென்று தெரிந்தது. துண்டில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு மூக்கருகே வைத்துப் பார்த்தாள். ஷாம்பு வாசனை மட்டும் அடித்தது. புதுப் பைக்குள் போட்டு, பழைய பையையும் கழுவி அதற்குமேல் மாட்டி, பழைய இடத்திலேயே வைத்தாள். தரையைத் துடைத்தாள். சன்னலை ஒரு சாண் திறந்தாள். மத்தியானம் அவளால் ஒரு தட்டுச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட முடிந்தது.

சாயங்காலம் கதவு திறந்தது. கோலி உள்ளே வந்து செருப்பைக் கழற்றினான்.

நாற்றமும் கூடவே வந்தது.

அவள் முதலில் பையைத்தான் பார்த்தாள். பை மூலையில், தன்பாட்டுக்குச் சுத்தமாகக் கிடந்தது. அவன் அவளைத் தாண்டிப் போய் சோபாவில் உட்கார்ந்தான். நாற்றம் சோபாவுக்குப் போனது. அவன் வலது கையை அக்குளுக்குள் செருகி வைத்திருந்ததை, எத்தனையோ நாளாக அப்படித்தான் வைத்திருந்தான் என்பதை, அப்போதுதான் அவள் மனசு வாங்கியது. இத்தனை நாளும் வீடே கையுறையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது. மேசையில், படுக்கையில், குழந்தையின் வாயருகில் நாறியது கையுறை இல்லை.

"கைய நீட்டுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்ல. விடு."

"நீட்டுங்கன்னு சொல்றேன்ல!"

"நாளைக்கு மேட்ச வெச்சுக்கிட்டு அவன்கிட்ட என்னம்மா வம்பு?" என்று தம்பிக்குப் பின்னாலேயே வீட்டுக்குள் வந்த பெரியவர் குறுக்கே பாய்ந்தார். அவள் அவரைத் தோளால் இடித்துத் தள்ளினாள். கல்யாணமானதிலிருந்து மூத்தவர் என்று குரலை உயர்த்தக்கூடத் தயங்கியவள் தள்ளிய தள்ளில், அவர் தொப்பென்று சோபாவில் விழுந்தார். அவள் டேப்பின் நுனியைப் பிடித்துப் பிரித்தாள். சுற்றுச் சுற்றாக வந்தது. கடைசிச் சுற்று தோலோடு ஒட்டிக்கொண்டு, தோலோடு வந்தது.

நகம் இருந்த இடத்தில் நகம் இல்லை. விரல் நுனி கறுத்து, ஊதி, ஓரமெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகக் கசிந்துகொண்டிருந்தது. சிவப்புக் கோடு ஒன்று புறங்கையைத் தாண்டி மணிக்கட்டுவரை ஏறியிருந்தது. அந்த மஞ்சளைத்தான் காலையில் சேறு என்று தேய்த்தோம் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

பெரியவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "இத்தனை நாள் தாங்கினான். இன்னும் ஒரு நாள். ஒரே ஒரு மேட்ச். முடிஞ்சதும் எந்த டாக்டர்கிட்ட வேணாலும் காட்டலாம். மாத்திரை வாங்கிட்டு வந்திருக்கேன்."

"அண்ணன் சொல்றது சரிதான்" என்றான் கோலி, தலையைத் தூக்காமல். "வலி பெருசா இல்ல. மரத்துப்போச்சு. நாளைக்கு மட்டும் விட்டுடு. ஜெயிச்சா எல்லாம் சரியாயிடும்."

"மரத்துப்போச்சா! அழுகிப்போச்சுங்க! உங்க மூக்குக்குத் தெரியலையா? உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சுது!"

அதற்குமேல் அவள் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. கிளப் டாக்டரம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, அவன் கையைப் பிடித்து இழுத்து போனுக்கு முன்னால் நீட்டினாள். மொழி தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. டாக்டரம்மாவின் முகம் சுருங்கிய சுருக்கத்திலேயே எல்லாம் இருந்தது. "உடனே, உடனே" என்ற வார்த்தை அவளுக்கும் புரிந்தது.

"குடும்பத்தக் கெடுத்துட்டியேம்மா" என்றார் பெரியவர் வாசலில் நின்று. "நல்லா இருந்த குடும்பத்த இப்படிக் கெடுத்துட்டியே."

அன்றைக்கே விரலின் முதல் கணுவை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் கையையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டரம்மா தன் மணிக்கட்டில் கோடு கிழித்துக் காட்டினாள். பெரியவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. உடை எடுக்க அவள் வீட்டுக்குப் போனபோது சோபா காலி. மூலையில் இருந்த பையும் இல்லை.

மறுநாள் பகலில் ஆட்டம். ஆஸ்பத்திரி அறையில் தொலைக்காட்சி ஓடியது. கோலி தலையணையில் சாய்ந்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு பார்த்தான். மகள் அவன் கால்மாட்டில் படம் வரைந்துகொண்டிருந்தது. கோலுக்கு முன்னால் மாற்றுக் கோலி நின்றான். பையன் பயந்துபோயிருந்தான், ஆனால் பந்து வந்தபோதெல்லாம் கையில் ஒட்டிக்கொண்டது. முடியப்போகிற நேரத்தில், தலைக்கு மேல் போன ஒன்றை எம்பி, நுனி விரல்களால் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். கேமரா அவன் கைகளை அருகில் காட்டியது. மணிக்கட்டுப் பட்டையில் சிவப்பு நூல்.

அவள் தன் தையலை அடையாளம் கண்டுகொண்டாள். கோலியும் கண்டுகொண்டான்.

கிளப் தப்பித்தது. பார்த்துக்கொண்டிருந்த கூட்டமே ஆடுகளத்துக்குள் இறங்கியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெரியவர் ஓடிவந்தார். பையன் தோள்மேல் கையைப் போட்டு, தன் பிள்ளையே போல் அணைத்துக்கொண்டு, கேமராவுக்கு முன்னால் கையுறைகளைத் தூக்கிக் காட்டினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தார். ஷாம்பு வாசனை அடித்திருக்கும். அந்த மனிதருக்கு மூக்கு என்று ஒன்று எந்தக் காலத்தில் வேலை செய்தது!

தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், அண்ணன் அடுத்த கோலியைப் பிடித்துவிட்டார். சீ என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

கோலி திரும்பினான். அவன் கண்கள் பளபளத்தன. அண்ணன்மேல் கோபம் வந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். இப்போதாவது வந்ததே என்றுகூட ஒரு நிமிஷம் மனசு இளகியது.

"பாத்தியா?" என்றான் அவன். "அண்ணன் சொன்னது எவ்வளவு சரி! துவைக்காம வெச்சது வீண் போகல பாரு. எல்லாம் அந்தக் கையுறைல இருக்கு. யார் கைல போட்டாலும் வேலை செய்யுது."

விரலைப் பார்த்தபோது வராத வாந்தி அவளுக்கு இப்போது தொண்டைவரை வந்தது. இந்த மனிதனுக்காகவா நாடு விட்டு நாடு வந்து, நாற்றத்தில் படுத்து எழுந்தோம் என்று இருந்தது. அவள் எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தாள். இந்தச் சன்னல் முழுசாகத் திறந்தது.

"அது துவைச்ச கையுறை" என்றாள்.

"என்ன?"

"நேத்து காலைல நான்தான் துவைச்சேன். பாப்பாவோட ஷாம்பு போட்டு. வெதுவெதுப்பான தண்ணியில, பிழியாம, நிழல்ல வெச்சு. ஒரு பொட்டு அழுக்கு இல்ல அதுல. உங்க அண்ணன் முத்தம் குடுக்கிறாரே, அந்த ராசி மொத்தமும் காலைலயே சாக்கடைக்குப் போயாச்சு."

திரையில் பெரியவர் இன்னும் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதையே திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். கோலி அதைப் பார்த்தான். பிறகு நெஞ்சின்மேல் இருந்த கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தான். நான்கு விரல்கள் நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று குட்டையாக, வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு நின்றது. அவன் உதடு கோணிக்கொண்டு வந்தது.

மகள் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தது. அவன் கட்டுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தது. "இப்ப நாறல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

"சுத்தமா இருந்தாத்தான் பந்து ஒட்டும்" என்றான் கோலி, யாரையும் பார்க்காமல். "நான்தானே உனக்குச் சொன்னேன்?"

"ஆமா" என்றாள் அவள். "நீங்கதான் சொன்னீங்க."